சாந்தசொரூபியின் நெஞ்சுத் துடிப்பு

"சிரிக்கிற விஷயமில்ல சார். இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேர்ந்துடுங்க" என்றார் டாக்டரம்மா.

சாந்தசொரூபி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். திரையில் ஒரு வாரத்து இதயத் துடிப்பு சிவப்புச் சிவப்பாக எகிறிக் குதித்துக்கொண்டிருந்தது. நாடி பார்க்க நீண்ட கைக்குச் சிக்காமல், அப்புறம் வருவதாகச் சொல்லி வெளியே நழுவினார்.

லிப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினெட்டு வருடமாகப் போன் எடுப்பவர் அவர். நடுவழியில் லிப்ட் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறியடித்து அழைப்பார்கள். மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள், ஆள் வந்துகொண்டே இருக்கிறார் என்று தேன் தடவிய குரலில் தேற்றுவார். அந்தக் குரலுக்காக ஆபீஸ் மொத்தமும் சேர்ந்து வைத்த பெயர்தான் சாந்தசொரூபி.

போனை வைத்த பிறகு அவர் படும் பாடு வேறு. கழுத்து இறுகும், வயிறு புரளும், இடது கண் தன் பாட்டுக்குத் துடிக்கும். எல்லாவற்றையும் நேரம் போட்டு ஒரு நோட்டில் குறித்துவந்தார். 11.20, கழுத்து. 11.40, வயிறு. 12.00, இரண்டும். எழுதி எழுதியே பாதி நோயை வரவழைத்துக்கொள்கிறீர்கள் என்று மனைவி சொன்னதற்கு, 8.15, தலைவலி என்று அதையும் குறித்துக்கொண்டார்.

பத்து நாளைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. மன அழுத்தம் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க, ஆளுக்கொரு கைக்கடிகாரம். திங்கள் முதல் ஒரு வாரம் கட்டிக்கொள்ள வேண்டும். எந்த எண் கடிகாரம் யாருக்கு என்ற பட்டியல் டாக்டரம்மாவிடம் இருந்தது. அதன்படி ஒவ்வொன்றின் மேலும் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது. சிவப்பு வந்தவர்களைப் போனிலிருந்து தூக்கி உதிரி பாகக் கிடங்கில் போடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

அன்றே எல்லோரும் போன பிறகு சாந்தசொரூபி தன் பெயர்ச் சீட்டையும் மேனேஜரின் சீட்டையும் உரித்து, இடம் மாற்றி, நகத்தால் நீவி நேராக ஒட்டினார். மேனேஜர் கல்லுளிமங்கன். கட்டடமே இடிந்தாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. அந்த நெஞ்சு தன் பெயரில் துடித்தால் பச்சை நிச்சயம் என்று கணக்குப் போட்டார். திங்கள் காலையில் எடுக்கும்போது சீட்டு கோணலாக ஒட்டியிருந்தது. திருட்டு வேலை செய்யும்போது கைகூடத் தனக்கு நேராக நிற்கவில்லை என்று தன்னையே நொந்துகொண்டார்.

இப்போது பார்த்தால், துடித்தது மேனேஜரின் நெஞ்சு. அறிவிப்புப் பலகையின் பச்சைப் பட்டியலில் முதல் பெயரும் மேனேஜருடையது. அதாவது தன்னுடையது. பதினெட்டு வருடமாகப் பாடுபட்டுச் சேர்த்த வியாதிகள் எல்லாம் வெறும் பிரமை என்று நினைக்க அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கழுத்து வலியைத் தேடிப் பார்த்தார், காணோம்.

மாடிப்படி ஏறும்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒரு மனுஷன் உயிரே போகலாம். இடது கண் மறுபடி துடிக்கத் தொடங்கியது. நோட்டில் குறிக்கக்கூடத் தோன்றாமல், டாக்ஸிக்குச் சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார். சாந்தசொரூபி அந்த வெள்ளிக்கிழமை செய்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். குரலில் தேனெல்லாம் வற்றிப்போயிருந்தது.

"என்னை வேலைய விட்டுத் தூக்கினாலும் பரவாயில்ல சார். வாசல்ல டாக்ஸி நிக்குது. நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

அந்த ஆபீஸில் முதல் முறையாக மேனேஜரின் முகம் மாறியது. எழுந்து வந்து சாந்தசொரூபியின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். தண்ணீர் டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

"மறுநாள் சனிக்கிழமை நான் மட்டும் ஆபீஸ் வந்தேன். எனக்கும் அந்தக் கிடங்கு பயம்தான். இங்க கவலையே இல்லாத ஆள் யாருன்னு யோசிச்சேன், உங்களத் தவிர வேற யாரும் தோணல."

"சார்..."

"உங்க சீட்டையும் என் சீட்டையும் நானும் மாத்திட்டேன். டாக்ஸில ஏற வேண்டியது நீங்கதான்."