ஊதினால் பறந்துவிடுவான்

“நான் அன்னிக்கே சொன்னேன். ஊதினா பறந்துடுவான், இவனைக் கட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறேன்னு கேட்டேன். காதுல வாங்கினியா?”

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் தங்கையைப் பிடித்து உலுக்காத குறைதான். கம்பிக் கடை வைத்திருப்பவர்; லாரிச் சத்தத்தோடு போட்டி போட்டே பழகிய தொண்டை. தங்கையின் கணவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா?

கணவருக்கு நுரையீரல் மாற்றிப் பதினோரு வருஷம் ஆகிறது. ‘அஞ்சு வருஷம் தாண்டினா பெரிசு’ என்று அன்றைக்கு ஆரூடம் சொன்ன அண்ணனுக்கு, அது பலிக்காததில் கொஞ்சம் மனக்குறை.

“அடுத்தவன் நுரையீரல், மாப்ள. வாடகைக்கு வந்தவன் மாதிரி. உடம்பு என்னிக்காவது காலி பண்ணச் சொல்லத்தான் செய்யும்.”

அந்தப் பேச்சில் உண்மை இருந்ததுதான் கொடுமை. உடம்பு அப்படிக் காலி பண்ணச் சொல்லும்போது வலிக்காது, காய்ச்சல் வராது. ஊதும் காற்று மட்டும் குறைந்துகொண்டே போகும். அதற்காகத்தான் தினமும் காலையில் ஒரு சின்ன மெஷினில் முழு மூச்சையும் ஊத வேண்டும். அது வாயே திறக்காது, அளவை நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

இன்றும் ஊதி, மெஷினை மேஜையில் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனார். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, முந்தின நாள் விருந்தாளியாக வந்திருந்த அண்ணனுக்குக் காபி புரையேறி ஒரே இருமல். மனைவி அண்ணன் தலையில் தட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் போன் வந்தது.

“கடைசியா வந்த அளவு பாதிகூட இல்ல, சார். உடம்பு நுரையீரலைத் தள்ள ஆரம்பிச்சிருக்கலாம். உடனே வாங்க, பெட் போட்டு வெக்கிறோம்.”

“பயமா இருக்கு” என்றார் மனைவியிடம். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அவள் அழுதுகொண்டே பையில் துணிகளைத் திணித்தாள்.

வராந்தாவில் அண்ணன் இன்னும் ஓயவில்லை. “என்னைப் பாரு. தினம் ரெண்டு பாக்கெட் சிகரெட் ஊதறேன். நெஞ்சு பாறையாட்டம் இருக்கு!” என்று நெஞ்சில் குத்தியும் காட்டினார். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்; அண்ணனும் கூடவே நுழைந்தார். டாக்டரம்மா கணவரை ஒரு தடவைக்கு மூன்று தடவை ஊதச் சொன்னார். பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

“எப்பவும் இருக்கிற அளவுதான். கொஞ்சம்கூடக் குறையல. அப்ப காலைல ரெண்டாவது தடவை மட்டும் ஏன் அப்படி ஊதினீங்க?”

“ரெண்டாவது தடவையா? நான் ஒரு தடவைதானே ஊதினேன்!”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா?”

“மேஜை மேல கெடந்துது... என்னடா இது பீப்பின்னு... சும்மா ஒரு ஊது...”

டாக்டரம்மா அண்ணன் பக்கம் திரும்பி, தயாராகப் போட்டிருந்த கட்டிலைக் கையால் காட்டினார்.

“சட்டையைக் கழட்டிட்டு நீங்க படுங்க.”