காளிராஜின் சைக்கிள்

புருஷனின் பழைய சைக்கிள் சீட்டைத் தங்கத்தாய் முந்தானையால் துடைத்த துடைப்பைப் பார்த்து, சைக்கிள் கடை வீரணனுக்கே கண் கலங்கிவிட்டது.

"இதுக்குச் செலவழிக்கிறதுக்குப் பேசாமப் புதுசே வாங்கிரலாம், தங்கச்சி."

"வேணாம்ணே. அவுக ஓட்டுன வண்டிதான் வேணும். அவுக காலுக்கு அதுதான் பழக்கம்."

நான்கு வருஷமாக ஆட்டுக் கொட்டிலில் கிடந்த வண்டி. ஹேண்டில்பாரில் கோழி அடைந்துகொண்டிருந்தது. செயின் துருவேறி இறுகிப் போயிருந்தது. தள்ளியும் தூக்கியும் அதைத் திருச்சுழி வரை கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

வண்டியைப் போட்டுவிட்டுப் போன காளிராஜ் பந்தல்குடி லாரி செட்டில் வேலை பார்க்கிறான். அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனமும் நடத்துகிறான். ஆனாலும் கட்டினவளை மறக்காத உத்தமன். வெள்ளிக்கிழமை தவறாமல் ஊருக்கு வருவான். கடைசி பஸ்ஸும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவனை விட்டுவிட்டுப் போய்விடும். பஸ்ஸை விட்ட மனுஷனை எங்கே அனுப்புவது? கோழி அடித்துச் சோறு போடுவாள். காலையில் அவன் போன பிறகு பார்த்தால், வீட்டில் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். ஆடு போனது, அண்டா போனது. இப்போது மிச்சமிருப்பது இரண்டு ஆடும், மழை பெய்தால் விதைக்க ஒரு மூட்டை விதைக் கம்பும்தான்.

அந்த இரண்டு ஆட்டையும் விற்றுத்தான் சைக்கிளுக்குச் செலவழித்தாள். வீரணன் செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். ரிம்மை அவளே செங்கல் பொடி போட்டுத் தேய்த்தாள். டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் புதுசு.

"டைனமோவும் மாட்டிருங்கண்ணே."

"அது எதுக்கு? மாப்ள வீட்டோட வந்துட்டா, அப்புறம் ராத்திரியில எங்க போகப் போறாரு?"

"இருக்கட்டும்ணே. இருட்டுல அவுக தடுமாறக் கூடாது."

"ஒன்னைய மாதிரிப் பொம்பளைய நான் பாத்ததில்ல தாயி" என்று வீரணன் கூலி வாங்காமலே அதை மாட்டிக்கொடுத்தார்.

சேதி ஊருக்குள் பரவியது. காளிராஜின் அக்கா முத்துத்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "சண்ட போட்டு இழுக்க முடியாதவன சைக்கிள வச்சு இழுத்துட்டா பாத்தியா!" என்று கிணற்றடி முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

வெள்ளிக்கிழமை காளிராஜ் வந்தான். வாசலில் கறுப்புப் பெயிண்ட் மின்ன நின்ற வண்டியைப் பார்த்து மலைத்துப் போனான். மணியை அடித்துப் பார்த்தான். பெடலைச் சுற்றிப் பார்த்தான்.

"நாலு வருசமா ஒன் அரும தெரியாமப் போச்சே, தங்கம். அவ ஒரு நாளாச்சும் எனக்காக இப்பிடிச் செஞ்சிருப்பாளா?"

பொழுது சாயும்வரை அவன் சைக்கிளையே சுற்றிச் சுற்றி வந்தான். கண்மாய்க் கரைப் பக்கம் கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. காளிராஜ் வழக்கம்போல் உச்சுக்கொட்டினான்.

"அடடா, பஸ்ஸு போயிருச்சே. சரி, கோழிய அடி."

தங்கத்தாய் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, ஹேண்டில்பாரை அவன் கையில் பிடித்துக் கொடுத்தாள்.

"அதான் சைக்கிளு இருக்குல்ல, கெளம்புங்க."