மூக்கு நீளும் கேமரா

முதலில் எடுத்து வைத்த ரோஸ் கலர் கேமராவை நான் தொடக்கூட இல்லை.

பொம்பளைப் பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும், சட்டைப் பையிலேயே அடங்கும் என்று கடைக்காரர் சக்கரவர்த்தி ராகம் பாடினார். எங்கள் மலைக்கெல்லாம் சந்தை கூடும் ஜமுனாமரத்தூரில் செல்போன் ரிப்பேரோடு பழைய டிஜிட்டல் கேமராவும் விற்கிற கடை அவருடையது ஒன்றுதான். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு ரோஸும் வேண்டாம், நீலமும் வேண்டாம். தூரத்தில் இருப்பது கிட்டத்தில் தெரிய வேண்டும்.

அதற்குப் போனே போதுமே என்றார். போனில் பார்த்தாயிற்று. இழுக்க இழுக்க எல்லாம் கூழாகிவிடுகிறது.

இரண்டாவது கேமராவைக் கடை வாசலுக்கே கொண்டுவந்து, சந்தைக்கு அப்பால் சரிவில் மேயும் மாட்டைக் காட்டினார். மாடு தெரிந்தது. மாட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பக்கத்தில் நின்ற மாட்டுக்காரிக்கு மூக்கு எது, வாய் எது என்றே தெரியவில்லை.

சந்தை கலைந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் போகும் ஜீப்பில் எல்லாரும் ஏறிவிட்டார்கள். டிரைவர் வீரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். இன்றைக்கு விட்டால் அடுத்த சந்தைக்குத்தான் நான் வரமுடியும். அதுவரை வீட்டில் கிடக்கும் அபிநயா தாங்குவாளா என்று எனக்குத் தெரியாது.

ஏழாவது படிக்கிற பிள்ளை. சோற்றைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது. நர்ஸம்மா குளுக்கோஸ் கொடுத்தார்கள். பூசாரி கயிறு கட்டினார். அவள் அப்பா ஒருநாள் கெஞ்சினார், மறுநாள் கை ஓங்கினார். ஒன்றும் எடுபடவில்லை. உட்கார வைத்தால் சாய்ந்துவிடுகிறாள்.

இதில் பாதியைத்தான் சக்கரவர்த்தியிடம் சொன்னேன். பொண்ணுக்கு வாங்கிக் கொடுக்கிற முதல் கேமரா, இது கைக்கு வந்தால்தான் சாப்பிடுவாள் என்றேன். மனுஷன் உபதேசம் ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் பட்டினி கிடந்து மிரட்டுவதும், வீட்டில் இருப்பவர்கள் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பதும்தான் இந்தக் காலத்துக் கேடாம். கண்டுகொள்ளாமல் விட்டால் தன்னால் சாப்பிடுவாளாம்.

வாயில் வந்ததை விழுங்கினேன். அவள் எதையும் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் நான் ஏன் இப்படி நாயாய் அலையப் போகிறேன்?

"அண்ணா, மாடு தெரிய வேணாம். அந்த மலையில நிக்கற மனுஷி மூஞ்சி இந்த மலைக்குத் தெரியணும். இருந்தா குடுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க."

கண்ணில் தண்ணீர் வந்து தொலைத்தது, சனியன்.

சக்கரவர்த்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். மேல் தட்டிலிருந்து ஒரு கறுப்புக் கேமராவை இறக்கினார். பறவை பார்க்க வந்த யாரோ விற்றுவிட்டுப் போனதாம். மேலே இருந்த பொத்தானைத் தள்ளினால் அதன் மூக்கு நீண்டுகொண்டே வந்தது. சரிவில் நின்ற மாட்டுக்காரி கொட்டாவி விட்டாள். அவள் மூக்குத்திகூடத் தெரிந்தது. நான் விலை கேட்கவில்லை.

மறுநாள் காலை அபிநயாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறைக்குப் போனேன். கனமே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. என்மேல் சாய்த்து உட்கார வைத்து, கேமராவை எதிர்மலைப் பக்கம் திருப்பி மூக்கை நீட்டினேன். வெறும் கையில் பிடித்தால் மலையே ஆடியது. முழங்காலில் ஊன்றிப் பிடித்து அதன் திரையை அவள் கண்ணுக்கு நேரே வைத்தேன்.

அவள் இமை பாதி மூடிக் கிடந்தது. போச்சு, எல்லாம் வீண் என்று நினைத்தேன்.

"எங்கம்மா சாப்புடுது, சின்னம்மா."

நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தது போன வைகாசியில்தான். அவளைப் பெற்ற அமுதவல்லி அதற்கு முன்பே எதிர்மலைக்காரனோடு போய்விட்டாள். எங்கள் ஊர்களில் அது குடி முழுகிப் போகிற குற்றமில்லை. கட்டினவன் கொடுத்த பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது. பிள்ளை மட்டும் தகப்பன் வீட்டோடு. தாயும் மகளும் ஒருத்தி ஊருக்கு ஒருத்தி போகக் கூடாது, சந்தையில் எதிர்ப்பட்டாலும் பேசக் கூடாது, போனும் கூடாது என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டார்கள். பார்க்கக் கூடாது என்று சொல்ல எவனுக்கும் தோன்றவில்லை.

பிள்ளையை விட்ட ஏக்கத்தில் அமுதவல்லி அங்கே சோறு தண்ணியில்லாமல் கிடக்கிறாள் என்று, எதிர்மலைக்கும் ஜீப் ஓட்டுகிற வீரன் ஒருநாள் எங்கள் வாசலில் நின்று சொன்னார். உள்ளேயிருந்து இவள் கேட்டுவிட்டாள். அன்றைக்குத் தள்ளிய தட்டுதான். உங்கம்மா இப்போ நல்லா சாப்பிடுறாங்களாம் என்று தினமும் சொல்லிப் பார்த்தேன். சின்னம்மா வாயை எந்தப் பிள்ளை நம்பும்?

அதனால் நேற்று ஜீப்பை விட்டு இறங்கும்போது வீரனிடம் அமுதவல்லிக்குச் சொல்லியனுப்பினேன். காலையில் அவள் தட்டோடு அந்த மலை மேட்டுக்கு வரவேண்டும். எங்கள் பக்கம் பார்த்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அவளிடம் கேமரா இல்லை. அங்கிருந்து எங்கள் பாறை தெரிந்தாலே அதிகம். மகள் இருக்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியாமல், அழுதுகொண்டே ஒவ்வொரு கவளமாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

நான் தூக்குவாளியைத் திறந்தேன். சாமைச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் நீட்டினேன்.

அபிநயா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாயைத் திறந்தாள்.