மூடி போட்ட சனி

மச்சான் ஜெயபாலன் விட்டுப்போன தொலைநோக்கியைத் தீபன் ஒருநாளும் மதித்ததில்லை. "இது டெலஸ்கோப்பா? தண்ணிக் குழாய் லா," என்பான். ஜெயபாலன் உயிரோடு இருந்தவரை மலேசியாவின் உலு திராமில் தங்கள் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சனிக்கிரகத்தைக் காட்டினார். அதுவும் தீபனுக்கு இளக்காரம்தான். அவனுக்கு வேண்டியது சனியின் நல்ல புகைப்படம். இன்றும் படம் மங்கினால் புதியது வாங்கிவிட்டு இதைக் குப்பையில் போடுவதென்று இருந்தான்.

படம் மங்கலாகவே வந்தது. கடைசியாக, கேமராவே படத்தில் உண்டாக்கும் பொய்ப் புள்ளிகளைப் பிறகு கழிப்பதற்காகக் குழாயின் வாயை மூடி ஒரு கறுப்புப் படம் எடுத்தான். கேமராவைக் கழற்றும்போது மனைவி ஷாமளா பக்கத்து வீட்டு ஐலீனை அழைத்துவந்தாள்.

"அக்காவும் பார்க்கட்டுங்க. அண்ணன் இருந்தா காட்டியிருப்பாரு."

இவர்களுக்கு இது போதும் என்று, மூடியை எடுக்காமலே கண்வில்லையைப் பொருத்திவிட்டு விலகினான்.

ஐலீன் குனிந்தாள். "அலமாக்! மோதிரம் போட்ட மாதிரி இருக்கே!"

"நல்லாப் பாருங்கக்கா," என்று சிரிப்பை அடக்கினான்.

அடுத்து ஷாமளா குனிந்தாள். "அண்ணன் காட்டின அதே சனிதான்," என்றாள்.

தீபன் அவசரமாகக் குனிந்தான். ஒரே இருட்டு. கையை நீட்டித் தடவினான். மூடி இறுக்கமாக இருந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க தம்பி, இன்னொரு தடவ பார்த்துக்கிறேன்," என்றாள் ஐலீன்.

அவள் குனிந்ததும், கண்வில்லையிலிருந்து மெல்லிய மஞ்சள் வெளிச்சம் அவள் இமையில் விழுந்தது.