டெல்மர் கேட்ட பூந்தொட்டி

"ஏழு வருஷமா என் பையில கையை விட்டுக் கொள்ளையடிக்கிறீங்க!" டெல்மர் மேசையில் ஓங்கிக் குத்தினார். அதிலிருந்த காபிக் கோப்பைகள் எல்லாம் ஒரு குதி குதித்தன.

மாதத்தின் முதல் செவ்வாய், காலை எட்டு மணி. க்ளாடிஸின் பேக்கரியில் கடைத்தெரு சங்கக் கூட்டம். எங்கள் தெருக் கடைக்காரர்கள் ஆளுக்கு வருஷம் நானூறு டாலர் சந்தா கட்டுகிறார்கள். தெருவைக் கூட்டுவது, பூந்தொட்டி வைப்பது, கிறிஸ்துமஸ் விளக்குப் போடுவது எல்லாம் அதில்தான். சந்தா கட்டுகிறவர் கூட்டத்தில் மூன்று நிமிஷம் பேசலாம் என்பது விதி. ஹார்டுவேர் கடை டெல்மர் இருபத்து மூன்றாவது நிமிஷத்தில் இருந்தார்.

"தபாலாபீஸ் முனையிலேர்ந்து என் கடை வாசல் வரைக்கும் நானே டேப் பிடிச்சு அளந்தேன். முப்பது அடிக்கு ஒரு தொட்டி. என் வாசல் வந்தா மட்டும் தொட்டி இல்ல! ஏன், என் காசு மட்டும் செல்லாதா?"

"டெல்மர், மணி அடிச்சு இருபது நிமிஷம் ஆச்சு" என்றாள் சங்கத் தலைவி க்ளாடிஸ். முட்டை வேகவைக்கும்போது திருகி வைக்கிற மணிதான் சங்கத்தின் கடிகாரம்.

"உன் மணி ரிப்பேர். என் கடைக்கு வா, நல்லதா ஒண்ணு தரேன்."

க்ளாடிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த சங்கச் செயலாளர் லோர்னாவின் காதில், "அந்த மனுஷன் வாசல்ல ஒரு தொட்டியை வெச்சுத் தொலை. எனக்கு ஆயுசு குறையுது" என்றாள்.

லோர்னா வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சுறுசுறுப்பான பெண். அன்றைக்கே அனுமதி வாங்க நகராட்சிக்குப் போனாள். அங்கிருந்த குமாஸ்தா பழைய வரைபடத்தை விரித்து, விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சங்கத்தோட எல்லை தபாலாபீஸ் முனையிலேர்ந்து அறுநூறு அடிம்மா. இந்த ஹார்டுவேர் கடை அறுநூத்துப் பதினோராவது அடியில ஆரம்பிக்குது. இவரு உங்க சங்கத்துலயே இல்ல!"

லோர்னா ஓடி வந்து க்ளாடிஸிடம் சொன்னாள். க்ளாடிஸின் முகம் முதலில் விடுதலையானவள் முகம் மாதிரி மலர்ந்தது. அடுத்த நொடியே வெளுத்தது.

"ஐயய்யோ! ஏழு வருஷச் சந்தா, ரெண்டாயிரத்து எண்ணூறு டாலர்! சும்மாவே அந்த ஆட்டம் ஆடறவர், இது தெரிஞ்சா விடுவாரா? திருப்பிக் கொடுத்தா இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குத் தெருவுல ஒரு பல்பு எரியாது."

"மறைச்சிடலாமா?"

"சேச்சே. போய்ச் சொல்லிடு." பெட்டியில் ஆறு டோனட் வைத்துக் கொடுத்தாள். "முதல்ல இதைக் கொடு. வாய் நிறைய இருக்கும்போது சொல்லு."

டெல்மர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவி இறந்துபோனதிலிருந்து அந்தக் கடையில் பேச்சுச் சத்தம் கேட்பதே அபூர்வம். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் முதல் செவ்வாய்க்கிழமைகளை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தார். ஆணியில் டை ஒன்று இஸ்திரி கலையாமல் தொங்கியது.

"வாம்மா. தொட்டி எங்க?"

"சார், தொட்டி வைக்க முடியாது." லோர்னா டோனட் பெட்டியை நீட்டினாள். அவர் எடுக்கவில்லை. சொல்லித் தொலைத்துவிடுவோம் என்று கண்ணை மூடிக்கொண்டு கொட்டினாள். "உங்க கடை சங்கத்து எல்லைக்கு வெளியில இருக்கு சார். தப்பு எங்க பேர்லதான். நீங்க சந்தா கட்டியிருக்கவே வேண்டாம். கட்டினது எல்லாம் திரும்ப வரும். இனிமே கூட்டத்துக்கு வந்து கஷ்டப்படவும் வேண்டாம்."

இடி விழப் போகிறது என்று காத்திருந்தாள். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது டெல்மர் வாசல் பலகையை 'மூடியிருக்கிறது' பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் க்ளாடிஸுக்கும்தான்."

கல்லாவுக்குத் திரும்பினார். செக் புத்தகத்தை எடுத்தார். நானூறு டாலர் எழுதி, கிழித்து, அவள் கையில் திணித்தார்.

"அடுத்த வருஷத்துச் சந்தா. பழைய பணத்துல ஒரு காசு எனக்குத் திரும்ப வேண்டாம், விளக்கைப் போடுங்க. ஆனா என் மூணு நிமிஷத்துல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. க்ளாடிஸ்கிட்டயும் சொல்லிடு."

"சார், நான் சொன்னது உங்களுக்குப் புரியலைன்னு நினைக்கிறேன்" என்றாள் லோர்னா பாவமாக. "உங்க கடை எல்லைக்குப் பதினோரு அடி வெளியில இருக்கு."

டெல்மர் ஒரு டோனட்டை எடுத்துக் கடித்தார். ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பதினொண்ணு இல்லம்மா, பதினொண்ணேகால்."