கல் வைக்க வேண்டிய பக்கம்

வீரையா சார் கரும்பலகையில் ஒரு சரிவு வரைந்து, அதன்மேல் ஒரு ஜீப்பை நிறுத்தினார்.

புத்தகத்தில் இருந்தது மரக்கட்டை. ஜீப்பில் மலையேறும் போடி ஊர்ப் பிள்ளைகளுக்கு மரக்கட்டை எதற்கு என்று அவராகவே ஜீப் ஆக்கிவிட்டார். எங்கள் பள்ளிக்குப் பிளஸ் ஒன் வந்தே மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பிசிக்ஸ் எடுக்கத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து அவர் வந்து நான்கு நாள். ஊரில் நடந்தது எதுவும் அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

"ஹேண்ட் பிரேக் கிடையாது. இது உருளாம இருக்க ஒரு கல்லு வைக்கணும். எங்கே வைப்பீங்க?"

பாதி வகுப்பு என்னைத் திரும்பிப் பார்த்தது.

முதல் பெஞ்சில் பொன்னுமணி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மா வேலுத்தாயும், கூட இருந்த கருப்பம்மாளும் என் அப்பா ஓட்டிய ஜீப்போடு பள்ளத்தில் விழுந்து செத்து நான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

சார் பதிவேட்டில் என் அப்பாவின் தொழிலைப் பார்த்திருக்க வேண்டும்.

"சந்திரவல்லி, ஜீப்பு டிரைவர் மகதானே நீ? வாம்மா."

எழுந்து போனேன். எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் நான்கு மாதமாகக் காத்துக்கிடந்தேன்.

மறுநாள் கோர்ட். கல் வைக்க மறந்துவிட்டேன் என்று அப்பா போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார்.

அது பொய். கல்லை வைத்தது நான்.

லீவு நாட்களில் ஏலக்காய் எடுக்க அப்பாவின் ஜீப்பிலேயே மலைக்குப் போவேன். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தால் வண்டியை நிறுத்துவார். நின்றதும் நான் குதித்து, பின் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்து, காலால் ஒரு மிதி மிதிப்பேன். நான்கு வருஷமாக அது என் வேலை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

விபத்து நடந்த அன்று சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வரும்போது மூட்டைக் கயிறு அவிழ்ந்துவிட்டது. அப்பா வண்டியை நிறுத்தி, "ஆத்தா, வெரசா கல்லை வையி" என்றார். வைத்தேன். மிதித்தேன். வேலுத்தாயும் கருப்பம்மாளும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க, ஓடையில் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அலறல் கேட்டு ஓடி வந்தபோது ரோட்டில் ஜீப் இல்லை. வண்டியின் பின்னால் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்பா. விடாமல் பிடித்திருக்கிறார். உள்ளங்கை பிய்ந்து ரத்தம் கொட்டியது. அந்தக் கையாலேயே கல்லைத் தூக்கிப் பள்ளத்தில் வீசினார். ஆத்திரத்தில் வீசுகிறார் என்று நினைத்தேன்.

ஹேண்ட் பிரேக் ஒரு வருஷமாகப் பிடிக்கவில்லை. ஜீப் முதலாளிக்கு அது தெரியும். கல்லும் வைத்தோம். அதையும் மீறி உருண்டால் டிரைவர் என்ன செய்வார்? இதை ஜட்ஜிடம் சொன்னால் போதும், அப்பா ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை.

அப்பாதான் கேட்கவில்லை. கோர்ட் பக்கம் வந்தால் காலை ஒடிப்பேன் என்றார். அதுவரை என்னை ஒரு அடி அடித்தறியாதவர். மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எனக்கு ஒரே எரிச்சல். அவருக்குத் தெரியாமல் போய்ச் சொல்லிவிடுவது என்று நாலு வரியை மனப்பாடமே செய்து வைத்திருந்தேன்.

சாக்பீஸை வாங்கி, பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லை வரைந்தேன். பெரிய கல்லாகவே வரைந்தேன்.

சார் சிரித்தார்.

"அங்கே வச்சு என்னம்மா பிரயோஜனம்? வண்டி கீழே பார்த்துல்ல நிக்குது. விசை இந்தப் பக்கம்."

அவர் போட்ட அம்புக்குறி முன் சக்கரத்தைத் தாண்டிக் கீழே போனது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏறும்போது வண்டியின் மூக்கு மேலே பார்த்து இருக்கும். அன்றைக்கு நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். நான்கு வருஷப் பழக்கத்தில் கை அதே இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

வண்டி போன பிறகும் கல் வைத்த இடத்திலேயே கிடந்திருக்கும். அப்பாவின் காலடியில். அது கிடந்த பக்கத்தை நான் கவனித்துவிடக் கூடாது என்றுதான் வீசியிருக்கிறார்.

சார் பொன்னுமணியைக் கூப்பிட்டார். அவள் வந்து என் கல்லை உள்ளங்கையால் அழித்தாள். முன் சக்கரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கல்லை வரைந்தாள்.

"இவ்வளவு சின்னக் கல்லு போதுமா சார்?"

"சரியான பக்கம் இருந்தா போதும்மா."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. பெஞ்சுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

வீட்டில் அப்பா மறுநாளைக்கு வேட்டியைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கயிறு அறுத்த கை இன்னும் சரியாக மடங்கவில்லை. தினமும் கேட்பதைத்தான் அன்றும் கேட்டார்.

"இன்னிக்கு என்ன பாடம் ஆத்தா?"

"தமிழ்" என்றேன்.

மறுநாள் அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார். கல் வைக்க மறந்துவிட்டேன் என்று ஜட்ஜிடமும் சொன்னாராம்.