பன்னிரண்டாவது பாட்டு

"இதுல உள்ள பாட்டையெல்லாம் எடுத்துட முடியுமாண்ணே?"

கேசட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவள் கையை எடுக்கவில்லை.

அருளானந்துவுக்கு அவளைத் தெரிந்திருந்தது. பஜாரிலேயே பாட்டு பதிந்து தருகிற கடை அவருடையது ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு முன்பு இதே கேசட்டையும் ஒரு காகிதத்தையும் கொண்டுவந்து நீட்டியவள். காகிதத்தில் கோணல்மாணலாகப் பன்னிரண்டு பாட்டு.

"எடுத்துடலாம்மா. அஞ்சு நிமிஷ வேலை. வெறும் கேசட்டா ஆயிடும்."

"வெறும் கேசட்டு வேணாம். பாட்டுக்கு அடியில உள்ளது வேணும்."

அவருக்குப் புரியவில்லை.

"அடியில அவரு பேசியிருக்காருண்ணே."

அவள் புருஷன் தங்கையன் சவூதி போய் மூன்று வருடம். கடிதம் எழுத இருவருக்கும் வராது. ஒரே ஒரு கேசட்தான் போய்ப் போய் வந்தது. அவன் பேசி அனுப்புவான். அவள் நாலு நாள் கேட்பாள். பிறகு அதன்மேலேயே தான் பேசி, ஊரிலிருந்து போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். அவன் பேச்சு அழிகிறதே என்று ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அடுத்தது வந்துவிடும்.

கேட்கும்போது பதில் வேறு சொல்வாள். அவன் "சாப்பிட்டியா" என்றால் இவள் "ஆச்சுங்க" என்பாள். பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே.

கடைசியாக வந்ததில் அவன் பாட்டு கேட்டிருந்தான். அறையில் எல்லோரும் பாட்டு வைத்திருக்கிறார்களாம், இவனிடம்தான் இல்லையாம்.

பதிய வந்த அன்றைக்கு இந்தக் கடையின் கண்ணாடி அலமாரிக்கு முன்னால்தான் நின்றாள். அவன் கேட்ட பாட்டெல்லாம் இரண்டு படத்தில் வந்தவை. இரண்டுக்கும் கம்பெனி ஒரிஜினல் கேசட் உள்ளே இருந்தது. விலையைக் கேட்டதும் பின்வாங்கினாள்.

"எதுக்குத் தங்கச்சி ஒரிஜினலு? அதே பாட்டுதான். பதிஞ்சுக்க, அதுல கால்வாசிகூட ஆவாது."

சொன்னவர் இவர்தான். ஊருக்கே அப்படித்தான் சொல்வார். ஒரு ஒரிஜினல் வாங்குவார், அதிலிருந்து நூறு பேருக்குப் பதிவார். யாருக்கு என்ன நஷ்டம் என்பார்.

பதிந்த கேசட்டை, ஊரிலிருந்து சவூதிக்குக் கிளம்பிய சிக்கந்தர் எடுத்துப் போனார். அவர் போய் இறங்கிய அன்று தங்கையன் ஆஸ்பத்திரியில் இருந்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்திருந்தான். பிறகு கண்ணே திறக்கவில்லை.

அவன் சாமான் பெட்டியோடு கேசட்டும் திரும்பி வந்தது. அவள் சுற்றிய தாள் சுற்றியபடியே இருந்தது.

வீட்டில் தினமும் போட்டுப் பார்த்தாள். முதல் பாட்டின் மேளம் தொடங்கும். உடனே நிறுத்திவிடுவாள். அந்த மேளத்தை அவளால் தாங்க முடியவில்லை. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் கீழே அவன் இருப்பான். அவனுக்குக் கீழே இவள். அதற்கும் கீழே மறுபடி அவன். மூன்று வருடமும் அடுக்கடுக்காக அதற்குள்தான் இருக்க வேண்டும். வேறெங்கே போகும்?

அருளானந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"அடின்னு ஒண்ணும் கெடையாதும்மா. புதுசா பதிஞ்சா பழசு போயிடும். போனது போனதுதான்."

அவள் கேசட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள்.

அந்த இரண்டு கேசட்டும் அதே இடத்தில் இருந்தன. யாரும் வாங்கியிருக்கவில்லை.

காதில் தோடு இருந்ததே என்று நினைத்தாள். அன்றைக்கும் இருந்ததே. அடகு வைத்திருக்கலாம். யாரிடமாவது கேட்டிருக்கலாம். அழுகை வரவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

அவர் கேசட்டைக் கையில் எடுத்தார். அட்டையில் அவருடைய கையெழுத்தில் பாட்டு வரிசை. விரலால் எண்ணினார்.

"பதினொண்ணுதானே இருக்கு?"

"அன்னைக்கி கையில காசு அவ்வளவுதாண்ணே இருந்துச்சு. கடைசிப் பாட்டு வேணாம்னுட்டேன்."

"மிச்ச எடத்தை நான் அழிக்கலையே..."

தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பழைய கேசட் வந்தால் முழுக்க அழித்துவிட்டுத்தான் பதிவார். அன்று தீபாவளிக் கூட்டம். அப்படியே மேலே பதிந்துவிட்டார்.

இரண்டாம் பக்கத்தைப் போட்டார். ஓட்டினார். நிறுத்திக் கேட்டார். மறுபடி ஓட்டினார்.

பதினோராவது பாட்டின் கடைசி வரி வந்தது. வாத்தியம் ஓய்ந்தது.

இரைச்சல்.

பிறகு, கட்டிலில் யாரோ நகர்ந்து உட்காருகிற சத்தம். ஒரு இருமல்.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"...ஆக பன்னெண்டு பாட்டு. எழுதிக்கிட்டியா? ஒரிஜினல் கிரிஜினல்னு வாங்கிக்கிட்டு நிக்காத வேம்பு. கொள்ள வெல சொல்லுவான். இந்தக் கேசட்டுலயே பதிஞ்சு குடுத்துவுடு. நான் பேசுனது போனா போவுது. அடுத்த மாசம் வேற பேசிட்டுப் போறேன். நான் எங்க போயிடப் போறேன்?"

டக்கென்று ஒரு சத்தம். அங்கே அவன் நிறுத்தியிருக்கிறான்.

அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒரு பாட்டுக்கான இடம் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அருளானந்து அதை நிறுத்தவில்லை.

அவள் தலையை ஆட்டினாள்.

"சரிங்க" என்றாள்.

வீட்டில் முதன்முதலாகக் கேட்ட அன்றைக்கும், அவன் பேச்சின் இந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருந்தாள்.